திருவிழா யாருக்கு லீவு?

மாசி மாதம் மேல்மலையனூர் தேருக்கு மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுவது உண்டு. பேப்பரில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் செய்தி வரும். பள்ளிக்கூடம் கிடையாது, ஆபீஸ் கிடையாது, அதுக்குப் பதிலா ஒரு சனிக்கிழமை வேலை நாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒருமுறை 'நாளைக்கு லீவு' என்று கத்திக்கொண்டே வீட்டுக்கு ஓடினேன். ஆயா வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தது. முறத்தைக் கீழே வைக்காமல் கேட்டது: "லீவு யாருக்குடா? ஒனக்கு லீவு. வாத்தியாருக்கு லீவு. ஒங்க நைனாவுக்கு எவன் லீவு உட்டான்? ஊர்ல திருநாளுன்னா அவருக்குத்தான ரெட்ட வேல."

ஆயாவுக்குப் படிப்பு இல்லை. ஆனால் திருவிழா என்கிற பண்பாட்டு நிகழ்வை உழைப்பின் பக்கமிருந்து பார்க்க அதற்குத் தெரிந்திருந்தது. திருவிழாக்களைப் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர். வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதினார்கள், கல்வெட்டு படித்தவர்கள் எழுதினார்கள், வெளிநாட்டுப் பேராசிரியர்கள் செஞ்சிப் பக்கம் வந்து தங்கித் திரௌபதி கூத்தைப் பற்றிப் பெரிய பெரிய புத்தகம் எழுதினார்கள். சாமி எந்த வாகனத்தில் வந்தது, என்ன அலங்காரம் என்பதெல்லாம் விவரமாகப் பதிவாகியிருக்கிறது. சாமி எந்தத் தெருவில் திரும்பிப் போனது, ஏன் அந்த இடத்தில் திரும்பியது என்பதை எழுதியவர்கள் குறைவு. தலித் வரலாறு அந்தத் திருப்பத்தில்தான் தொடங்குகிறது.

*

வானூர் வட்டம் புதுச்சேரியை ஒட்டிக் கிடக்கிறது. ஒரு பக்கம் திண்டிவனம், ஒரு பக்கம் விழுப்புரம். 1993 செப்டம்பர் வரை இதெல்லாம் தென்னார்க்காடு. செம்மண் மேடு, முந்திரி, மணிலாக்கொட்டை, திருவக்கரைப் பக்கம் கல்மரமும் கல் குவாரியும். 1968இல் உலக ஒற்றுமைக்கென்று தொடங்கிய ஆரோவில்லும் இதே வட்டத்தில்தான். திருவக்கரை வக்கிரகாளிக்குப் பௌர்ணமி தவறாமல் கூட்டம் கூடும். மயிலத்து முருகனுக்குப் பங்குனி உத்திரம். மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு மயானக் கொள்ளை. கூவாகத்தில் சித்திரைப் பௌர்ணமிக்குக் கூத்தாண்டவர். ஆடியில் ஊருக்கு ஊர் கூழ் வார்ப்பது. தை பிறந்தால் ஆடி முடிகிற வரைக்கும் எங்கேயாவது ஒரு கொடி ஏறியபடிதான் இருக்கும்.

இந்த வரிசையைத் தையிலிருந்து பார்ப்போம். போகியன்று விடியற்காலை எங்கள் பக்கத்திலும் சென்னைப் பக்கத்திலும் பிள்ளைகள் சின்ன மேளம் அடிப்பார்கள். எருமைக் கன்றுத் தோல் போர்த்திய போகி மேளம். நெருப்பில் காய்ச்சிக் காய்ச்சி அடித்தால்தான் சத்தம் ஏறும். ஊர்த்தெருப் பிள்ளை, செட்டியார் வீட்டுப் பிள்ளை, ஐயர் வீட்டுப் பிள்ளை, யாராக இருந்தாலும் அன்றைக்கு ஒரு நாள் தோலைத் தொட்டு அடிக்கலாம். தீட்டு இல்லை. அடுத்த நாள் அந்த மேளம் குப்பைக்குப் போய்விடும். அதே தோலை வருஷம் பூரா கழுத்தில் மாட்டுகிறவனுக்கு மட்டும் அது பிறவிக் குறியாகிவிடுகிறது. விளையாட்டுக்கு அடித்தால் கலை, தொழிலுக்கு அடித்தால் சாதி. இழிவு தோலில் இல்லை, அடிக்கிறவன் யார் என்பதில் இருக்கிறது என்று போகி மேளம் ஆண்டுதோறும் நிரூபித்துக் காட்டுகிறது. நாம்தான் அதைக் கவனித்ததில்லை.

பொங்கலும் அப்படியே. உழவர் திருநாள் என்கிறோம். எந்த உழவர்? படியாளாக இருந்த என் தாத்தாவுக்குப் பொங்கல் என்பது ஆண்டை வீட்டு மாட்டைக் கழுவிக் கொம்புக்கு வண்ணம் பூசி, அவர் வீட்டு வாசலில் நின்று வேட்டியும் நெல்லும் வாங்கி வருகிற நாள். சொந்த மாடு கிடையாது, சொந்த நிலம் கிடையாது. மாட்டுப் பொங்கலில் மாட்டுக்கு மாலை விழும். மாட்டோடு மாடாக உழைத்தவன் தள்ளி நிற்பான். "மாட்டுக்குக் கூட ஒரு நாள் லீவு இருந்துச்சி" என்று ஆயா சொல்லும்.

*

தை 5ஆம் நாள் ஆற்றுத் திருவிழா. தென்பெண்ணையிலும் சங்கராபரணியிலும் சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வரும். மணலில் ராட்டினம், வளையல் கடை, மண்சட்டி, கரும்பு. சுருளிக்கிழங்கு வாங்காமல் யாரும் வீடு திரும்ப மாட்டார்கள். மாசி மகத்தில் இதே கூட்டம் கடற்கரைக்குப் போகும். மயிலத்து முருகன் புதுச்சேரி வைத்திக்குப்பம் வரைக்கும் வந்து கடலில் இறங்குவார்.

எங்கள் காலனியில் ஊர்த் தேரைப் பார்க்கப் போகாத பெரியவர்கள்கூட ஆற்றுத் திருவிழாவுக்குத் தவறாமல் போவார்கள். ஏன் என்று வெகுநாள் யோசித்திருக்கிறேன். எனக்குத் தோன்றும் காரணம் இதுதான்: ஆற்று மணலுக்குத் தெரு கிடையாது. கடலுக்கு வாசல் கிடையாது. அது புறம்போக்கு, யார் பேரிலும் பட்டா இல்லாத இடம். தெரு இருந்தால்தான் 'எங்க தெரு' என்கிற பேச்சு வரும். மதில் இருந்தால்தான் உள்ளே, வெளியே. ஆற்றுமணலில் சாமியும் ஒரு கூட்டம், நாமும் ஒரு கூட்டம். யார் எந்தச் சாதி என்று கிழங்கு விற்கிறவளுக்குத் தெரியாது, அவளுக்கு அக்கறையும் இல்லை. இதைச் சாதி ஒழிந்த இடம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆற்றிலிருந்து கரையேறினால் அவரவர் தெருவுக்குத்தான் போக வேண்டும். ஆனாலும் ஒரு உண்மை இதில் தெரிகிறது. பக்தி மக்களைப் பிரிக்கிறது, சேர்க்கிறது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. நிலம் யாருடையது என்பதைப் பொறுத்துத் திருவிழாவின் குணம் மாறுகிறது.

இருபது, முப்பது கிலோமீட்டர் தாண்டிக் கடலுக்குப் போகச் சாமிகளால் முடிகிறது. எங்கள் ஊரில் முன்னூறு அடி தாண்டிக் காலனிக்கு வர ஒரு சாமியாலும் முடிந்ததில்லை. ஊர்ப் பெயர் வேண்டாம், எல்லா ஊரும் இப்படித்தான். ஊர் மாரியம்மன் வீதி வரும்போது காலனிப் பாதை பிரிகிற புளியமரம் வரைக்கும் வரும். அங்கே நின்று கற்பூரம் காட்டுவார்கள். நாங்கள் மரத்துக்கு இந்தப் பக்கம் தட்டோடு நிற்போம். தட்டை வாங்குவதற்கென்று ஒரு ஆள். தேங்காய் உடைபடும், மூடி திரும்பி வரும். அப்புறம் அம்மன் முதுகைக் காட்டிப் போய்விடும். எங்கள் பக்கத்திலிருந்து நான் அதிகம் பார்த்தது அம்மனின் முகத்தை அல்ல, முதுகுப் பக்கத்து அலங்காரத்தை.

திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிற சேதியை ஊருக்குத் தண்டோராப் போட்டுச் சொன்னது நைனாதான். எல்லை சுற்றும்போது தீப்பந்தத்தோடு முன்னால் போனதும் அவர்தான். மேளம் அடித்தது சித்தப்பா. ஊரின் எல்லையை நடந்து நடந்து வரைந்தவன் அந்த எல்லைக்கு வெளியே. இதைத்தான் வரலாறு என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

*

வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவைப் போல இன்னொன்று கிடையாது. கொடியேற்றி, நாள்கணக்கில் பாரதம் படித்து, இரவெல்லாம் கூத்தாடி, படுகளத்தில் துரியோதனனை மண்ணால் மலைபோலச் செய்து படுக்க வைத்து, கடைசியில் தீமிதி. சபை நடுவே அவமானப்பட்ட ஒரு பெண் கூந்தலை முடியாமல் காத்திருந்து, பழி தீர்த்த பிறகு முடிந்துகொண்ட கதை. அவளுக்குக் காவல் நிற்கிறவன் முத்தால ராவுத்தன், ஒரு முஸ்லிம். செஞ்சிக்குப் பக்கத்திலுள்ள மேலச்சேரியைத் திரௌபதியின் ஆதி ஊராகச் சொல்வார்கள். அவமானத்துக்கு நியாயம் கேட்டவளைத் தெய்வமாக வைத்துக் கும்பிடுகிற கோயிலில், தினம் தினம் அவமானப்படுகிறவனுக்கு இடம் உண்டா?

விழுப்புரத்துக்குப் பக்கத்தில் மேல்பாதி. அங்கே தருமராசா திரௌபதி அம்மன் கோயில். 2023 ஏப்ரல் திருவிழாவின்போது உள்ளே போன தலித் இளைஞர்கள் அடிக்கப்பட்டார்கள். பேச்சுவார்த்தைகள் நடந்தன, பலன் இல்லை. ஜூன் 7ஆம் தேதி வருவாய்த் துறை கோயிலைப் பூட்டிச் சீல் வைத்தது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மார்ச்சில் திறந்தார்கள். அப்போதும் பூசாரி போய் பூசை செய்துவிட்டு வரலாம், மக்களுக்கு அனுமதி இல்லை. 2025 ஏப்ரலில்தான் எல்லாருக்குமாகத் திறந்தது. போலீஸ் காவலோடு தலித் மக்கள் உள்ளே போய்க் கும்பிட்டார்கள்.

இந்தத் தேதிகளை வேறு சில தேதிகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொதுச்சாலை, பொதுக்கிணறு எல்லாருக்கும் உரியது என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் நிறைவேற்றிய ஆண்டு 1924. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோர் நுழைந்தது 1939 ஜூலை 8. சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் 1947. தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டம் 1950. குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று இன்றைக்கு வழங்குகிற சட்டம் 1955. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989. கோயில் நுழைவுச் சட்டம் வந்து 76 வருஷம் கழித்து ஒரு கோயிலைப் பூட்ட வேண்டியிருந்தது. 'அவன் வந்தால் நான் கும்பிட மாட்டேன்' என்பது வெறும் பக்தி அல்ல, அதிகாரம். சாமி இல்லாமல் இருந்துவிடலாம், சமத்துவத்தோடு ஒரு சாமியைக் கும்பிட முடியாது என்று அந்தப் பூட்டு சொல்லியது.

வானூர் நெடுங்காலமாகத் தனித்தொகுதி. 2008 மறுவரையறைக்குப் பிறகு திண்டிவனமும் தனித்தொகுதி, விழுப்புரம் நாடாளுமன்றத் தொகுதியும் தனி. சட்டமன்றத்துக்கு ஆளை அனுப்பிவிட்டோம். புளியமரத்தைத் தாண்டி அம்மனை வரவழைக்க முடியவில்லை.

*

இது இந்துக் கோயில்களின் சங்கதி மட்டும் என்று யாராவது நினைத்தால் புதுச்சேரிக்குப் போக வேண்டும். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1745 அக்டோபரில் ஒரு பதிவு வருகிறது. புதுச்சேரி மாதா கோயிலுக்குள் சாதிக் கிறித்தவர்களையும் பறையர் கிறித்தவர்களையும் பிரிக்க ஒரு சுவர் இருந்தது. பறச்சேரி மக்கள் ஒன்றுசேர்ந்து போய்ப் பெரிய சாமியாரிடம், நாங்களும் உங்கள் பிள்ளைகள்தானே, கடவுளுக்கு முன்னால் இந்தப் பேதம் ஏன் என்று நியாயம் கேட்கிறார்கள். சாமியாரும் ஒப்புக்கொள்கிறார், சுவர் இடிபடுகிறது. நமக்கு இந்தப் பதிவு முக்கியமானது. தலித் எதிர்ப்பு என்பது நேற்று யாரோ வந்து சொல்லிக்கொடுத்தது என்பவர்களுக்கு, ஏறத்தாழ 280 வருஷத்துக்கு முன்னால் எங்கள் பக்கத்துச் சேரி ஜனங்கள் கூட்டமாகப் போய்ச் சுவரை இடிக்க வைத்த சேதி போதும். எழுதி வைத்தவர் நம் ஆளும் அல்ல, நமக்கு நண்பரும் அல்ல. அவர் பார்வையை மீறித்தான் நம் வரலாறு அந்த ஏட்டில் நிற்கிறது.

சுவர் இடிந்தது, சாதி இடியவில்லை. அன்றைய விழுப்புரம் மாவட்டத்தில், இன்றைக்குக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது ஏறையூர். ஜெபமாலை அன்னை ஆலயம். இருபக்கமும் ஒரே ஏசுவைக் கும்பிடுகிறவர்கள். சாவு ஊர்வலம் எந்தப் பாதையில் போகலாம், தேர்ப்பவனி எந்தத் தெருவில் வரலாம் என்கிற சண்டை அங்கேயும். தலித் கிறித்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். 2008 மார்ச்சில் மோதல் வெடித்துத் தலித் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். அந்த இரண்டு பேரும் வன்னியக் கிறித்தவர்கள். சாதியைக் காப்பாற்றப் போய்ச் செத்த ஏழைகளையும் நாம் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். தெருவைக் காப்பாற்றி அவர்களுக்குக் கிடைத்தது என்ன?

*

அப்படியானால் நாம் என்ன செய்வது? எங்கள் காலனியில் மூன்று பதில்கள் இருந்தன, இன்றைக்கும் இருக்கின்றன.

முதல் பதில் பெரியவர்களுடையது: உள்ளே போகணும். இது பழைய போராட்டம். நாசிக்கில் காலாராம் கோயில் முன்னால் 1930 மார்ச்சில் அம்பேத்கர் தொடங்கிய சத்தியாகிரகம் நினைவுக்கு வருகிறது. ஏப்ரலில் ராமநவமித் தேரை இரு தரப்பும் சேர்ந்து இழுப்பது என்று ஒப்பந்தமானது. அன்றைக்குச் சாதி இந்துக்கள் ஏமாற்றித் தேரை இழுத்துக்கொண்டு போனார்கள், கல்லடி விழுந்தது. ஐந்து வருஷம் பொறுத்த பிறகு 1935இல் இயோலாவில் அம்பேத்கர் தாம் இந்துவாகச் சாகப்போவதில்லை என்று அறிவித்தார். சிலையைக் கும்பிடுகிறவர்களாக நாம் ஆக வேண்டும் என்பதற்காக அந்தப் போராட்டத்தை அவர் நடத்தவில்லை. மக்களைத் தட்டி எழுப்பவே நடத்தினார் என்று அவரே விளக்கமும் தந்தார். தேர்வடம் உரிமைக்கான கயிறு. அதைப் பிடித்த பிறகு எங்கே இழுப்பது என்பது வேறு கேள்வி.

இரண்டாவது பதில் எங்கள் தலைமுறையுடையது: வேலையை நிறுத்தணும். 1991 அம்பேத்கர் நூற்றாண்டையொட்டி எழுந்த அலையில் எங்கள் காலனியிலும் ஒரு மன்றம் வந்தது. இனிமேல் ஊர்த் திருவிழாவுக்கும் சாவுக்கும் மேளம் கிடையாது, தண்டோரா கிடையாது என்று முடிவானது. கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். அன்று ராத்திரி சித்தப்பா மேளத்தைப் பரண்மேல் தூக்கிப் போட்டார். மகிழ்ச்சியாகப் போடவில்லை. "அடிச்சாக் கேவலம்னு நீங்க சொல்றீங்க, சரிடா தம்பி. ஆனா கை சும்மா இருக்க மாட்டேங்குது. அடின்னு அவன் சொன்னது கேவலமா, அடி கேவலமா? அதச் சொல்லிட்டுப் போ" என்றார். என்னிடம் பதில் இல்லை. ஊர்க்காரர்கள் வேறு ஊரிலிருந்து செட்டுப் பிடித்துத் திருவிழாவை நடத்திக்கொண்டார்கள். எங்கள் ஆட்களுக்கு வயல் வேலை கொஞ்ச நாள் கிடைக்கவில்லை. அடுப்பு எரியாத வீடுகளின் பெண்கள்தான் அந்த முடிவின் சுமையைத் தாங்கினார்கள். தீர்மானத்தில் அவர்களிடம் கையெழுத்து வாங்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாவது பதில்: நமக்கென்று நாள் வேண்டும். இதற்கும் நமக்கு முன்னோடி உண்டு. 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், பண்டிகைகளையே திருப்பி வாசித்தார். தீபாவளி என்றால் நரகாசுரன் செத்த நாள் என்பதை ஒதுக்கி, எள்ளிலிருந்து நெய் எடுக்கக் கண்ட பௌத்தர்களின் நாள் அது என்றார். அவர் சொன்ன சான்றுகளை இன்றைய ஆய்வாளர் ஒருவர் அப்படியே ஏற்காமல் போகலாம். ஆனால் அவர் எழுப்பிய கேள்வி அப்படியே இருக்கிறது. ஒருத்தன் சாவை இன்னொருத்தன் கொண்டாடுகிற கதையை யார் எழுதினார்கள், செத்தவன் யார்?

டிசம்பர் வந்தால் புதுச்சேரி வீதிகளில் நட்சத்திரம் தொங்கும், எங்கள் காலனிக் கிறித்தவ வீடுகளிலும் தொங்கும். நம் நாட்காட்டியில் டிசம்பர் 6 அம்பேத்கர் மறைந்த நாள். டிசம்பர் 25 அவர் 1927இல் மகாத்தில் மனுஸ்மிருதியைக் கொளுத்திய நாள். 1968இல் அதே தேதி இரவில்தான் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். ஒரே தேதியில் இரண்டு தீ. ஏப்ரல் 14 பிறந்த நாள், அரசாங்க விடுமுறை. ஆயா கேட்ட கேள்விக்கு ஒரு நாளாவது பதில் கிடைத்தது. அன்றைக்கு நமக்கும் லீவு.

*

ஆயா போய் வெகுநாளாகிறது. அதன் சாவுக்கு யார் அடிப்பது என்று கேள்வி வந்தது. தீர்மானம் ஊருக்குத்தான், நமக்கு நாம் அடித்துக்கொள்ளலாம் என்று மன்றத்தில் சொன்னார்கள். சித்தப்பா பரணிலிருந்து இறக்கினார். தோல் கிழிந்திருந்தது. புதுத்தோல் வாங்கிப் போர்த்தி, வைக்கோல் கொளுத்திக் காய்ச்சி அடித்தார். அடுத்த வருஷம் ஏப்ரல் 14க்கு அதே மேளம் காலனி நடுவில் அம்பேத்கர் படத்துக்கு முன்னால் ஒலித்தது. கூலி இல்லை, பிடி நெல் இல்லை, யாரும் அடி என்று சொல்லவில்லை. சித்தப்பாவின் கேள்விக்கு அவரே சொல்லிக்கொண்ட பதில் அது. பெண்பிள்ளைகளும் குச்சியை வாங்கினார்கள். எங்கள் ஊரில் அதற்கு முன்னால் பெண் கை பட்டதில்லை.

ஊர்த்தெருவில் எங்கள் படத்தை ஊர்வலமாகக் கொண்டுபோகக் கேட்டோம். சட்டம் ஒழுங்கு என்று சொல்லி வேறு பாதை குறித்துக் கொடுத்தார்கள். அம்மன் இந்தப் பக்கம் வருவதில்லை, அம்பேத்கர் அந்தப் பக்கம் போக முடியவில்லை. இரண்டு ஊர்வலமும் திரும்புகிற இடம் அதே புளியமரம்தான்.

போன தடவை அந்த மரத்தடியில் நின்றபோது என் பேத்தி கேட்டாள்: "தாத்தா, இந்த மரத்துக்கு அந்தாண்ட போனா என்னா ஆவும்?" அவளுக்கு வயது ஏழு. பயப்படாமல் கேட்டாள். நாங்கள் அந்த வயதில் கேட்டதே இல்லை. தோழர்களே, உங்கள் உங்கள் ஊரில் சாமி எந்த இடத்தில் திரும்புகிறது என்று போய்ப் பாருங்கள். பார்த்ததை, பெரியவர்களிடம் கேட்டதை, தேதியோடு எழுதுங்கள். அந்த இடங்களையெல்லாம் சேர்த்துக் கோடு போட்டால் கிடைப்பதுதான் நம் மாவட்டத்தின் உண்மையான வரைபடம்.